கவசத்தின் குறுக்கே ஒரு பள்ளம்

நம்முடைய வேலையில் ஒரு வசதி இருக்கிறது. நாம் அளவு பார்த்துக் கட்டிவிடும் முதுகுக் கவசம் எந்தச் சாலையில், எந்தக் கல்லின் மேல் விழப்போகிறது என்பதை நாம் பார்க்கப்போவதில்லை. வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிஞ்சிப்போனால் வார் அறுந்துவிட்டது என்று திரும்பி வருவார். எனக்கும் பல வருடங்கள் அப்படியே போயின. ஒரே ஒரு நாள் மட்டும் விபத்து நம் கடை வாசலுக்கே வந்து நின்றது. என் இடத்தில் இன்று நிற்கும் உங்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் பை தைக்கும் கம்பெனியில் இருந்து வந்தவள். சேலத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்கான உடைகள் விற்கும் நம் கடையில், வார் மாற்றித் தைக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அளவு பார்க்கும் வேலையும் என் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஆண்கள் நெளிவார்கள். ஒரு பெண் வந்து முதுகில் டேப் வைக்கிறாளே என்ற கூச்சம். நான் கண்டுகொள்ள மாட்டேன். கழுத்துக்குக் கீழே துருத்தும் எலும்பில் இருந்து இடுப்புவரை அளந்து, கவசத்தைக் கட்டி, காட்சிக்கு நிற்கும் வண்டியில் ஏறி உட்காரச் சொல்வேன். நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் கவசம் உட்கார்ந்ததும் மேலே ஏறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டும். அதனால் அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்துவிடுவேன். குடித்து முடிக்கும்வரை இறங்கக் கூடாது. எங்கே குத்துகிறது, எந்த வார் அக்குளை அறுக்கிறது, பெல்ட் மூச்சைப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் ரிக் வண்டி மேனேஜர் ஒருவர் சண்டைக்கே வந்திருக்கிறார். வெறும் முதுகில் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் ஓட்டியிருக்கிறார். முதுகெல்லாம் வேர்க்குரு. “இது கவசமுங்களா, இட்லிப் பானைங்களா?” என்று கத்தினார். உள்ளே வியர்வையை இழுக்கும் மெல்லிய முழுக்கைச் சட்டை போடச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வசதியாக இல்லாத கவசம் பீரோவுக்குள்தான் கிடக்கும், பீரோ எங்கேயும் கீழே விழுந்து அடிபடுவதில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். நம் வேலையே அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

முருகேசனும் கோமதியும் சேந்தமங்கலத்துக்காரர்கள். அவர் கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். கோமதி குஞ்சு பொரிக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். மகள் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து முதுகுக் கவசம் கேட்டு வந்தது நம் கடையில் அதுதான் முதல் தடவை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கோமதிக்குச் சின்ன அளவு. வண்டியில் உட்காரவைத்து, அவளிடம் பிரியமாக, “எப்படி இருக்குது சாமி?” என்று கேட்டேன்.

“அவளுக்கு எல்லாம் கரெக்டா இருக்குதுங்க” என்றார் முருகேசன்.

அவர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு, “இடுப்புல கொஞ்சம் இறுக்குதுங்க்கா” என்றாள் அவள். பெல்ட்டைத் தளர்த்திக் கட்டிவிட்டேன். சிரித்தாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

அதற்குப் பிறகு வந்த பங்குனியில், வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், முருகேசன் கடைக்குள் வந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. பேன்ட்டில் மண். ஆனால் முகம் நிறையச் சிரிப்பு. கையில் இருந்த கவசத்தை மேசைமேல் வைத்தார். சின்ன அளவு. வெளி ஓடு விரிசல் விட்டிருந்தது.

“அக்கா, கோமதியோட பிளேட்டு ஒடஞ்சு போச்சுங்க. இதே சைஸுல ஒண்ணு எடுங்க. ஞாயித்துக்கெழம மலைக்குப் போகோணும்.”

சேலத்துக்கு வரும் வழியில் மல்லூர்ப் பக்கம், முன்னால் போன டிராக்டரில் இருந்து குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, சிதறியிருக்கிறது. கிழங்கின் மேல் முன்சக்கரம் ஏறி வழுக்கிவிட்டது. மெதுவாகத்தான் வந்திருக்கிறார்கள். அவர் பக்கவாட்டில் சாய்ந்தார், கோமதி மல்லாந்து விழுந்தாள். அங்கிருந்தவர்கள் தூக்கி நிறுத்தி, உடைந்த கவசத்தைக் கழற்றி, சோடா கொடுத்து, திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

“பிளேட்டு ஒடஞ்சுதுங்க, அவளுக்கு ஒரு கீறல் இல்லீங்க!” என்றார்.

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். கவசம் கை மாறிக் கை மாறிப் போனது. ஆத்தூரில் இருந்து வந்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த தினேஷுக்குக் கண் விரிந்துவிட்டது. இன்று உங்களில் பலருக்கு மேலே இருக்கும் அதே தினேஷ்தான்.

“அக்கா, நம்ம பிளேட்டு ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கு. சார், இத கையில புடிச்சிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்றான்.

முருகேசன் சட்டையை நீவிக்கொண்டு நின்றார். படம் எடுத்தாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கவசம் என் கைக்கு வந்தது.

தையல்காரிக்குப் பொருளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் போகாது. வெளி ஓட்டைப் பார்த்தேன். சாலையில் தேய்ந்தால் கீறல் கீறலாக இருக்க வேண்டும். கல் குத்தினால் ஒரு புள்ளியில் கோணல்மாணலாக உடைந்திருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. இடுப்புக்குச் சற்று மேலே, ரூல்தடியை வைத்து அழுத்தியதுபோல் குறுக்காக, நேராக ஒரு பள்ளம். ஓடு அந்தக் கோட்டிலேயே மடங்கி உடைந்திருந்தது. உள்பக்கத்து நுரையில் விரலை வைத்தேன். அதே கோட்டில் நுரை அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

எந்தச் சாலையும் இப்படி நேர்கோடு போடாது.

“முருகேசன், கோமதி எதுமேல உழுந்தாங்க?”

“ரோட்டு மேலதானுங்க.”

“முதுகுல பை ஏதாச்சும் மாட்டியிருந்தாங்களா?”

“அட, அதச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க” என்று தன் தோளில் கிடந்த பையை இறக்கினார். உள்ளே கையை விட்டு ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கை எடுத்தார். நடுவில் நசுங்கிப் பட்டையாகிக் கிடந்தது. “இதுவே இந்தக் கதியாயிருச்சுங்க. அவ தப்பிச்சுட்டா!” என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

யாரோ மறுபடியும் கை தட்டினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. பையின் அடியில் பிளாஸ்க் குறுக்கே படுத்திருக்கிறது. கோமதியின் மொத்த உடம்பும் அதன்மேல் விழுந்திருக்கிறது. கவசம் அடியைப் பரப்பிவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறோமே, அது பரந்த அடியைத்தான் தாங்கும். முதுகுக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை வைத்து அதன்மேல் விழுந்தால் முதுகு அதன்மேல் வளைந்துவிடும்.

“கோமதி எங்க?”

“வெளியில வண்டிமேலயே உக்காந்திருக்கறா. களைப்பா இருக்குதுன்னா. நீ எறங்காத, நான் வாங்கியாரேன்னு வந்தேனுங்க.”

நான் ஓடினேன்.

வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. கொளுத்தும் வெயில். கோமதி பின்சீட்டில் இருந்தாள். இரண்டு கைகளையும் முன்சீட்டில் ஊன்றி, முழங்கை மடங்காமல் விறைப்பாக வைத்திருந்தாள். உட்கார்ந்திருப்பவள் அப்படி ஊன்ற மாட்டாள். அவளுடைய மேல் உடம்பை அவளுடைய கைகள்தான் தூக்கி நிறுத்தியிருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை.

“கோமதி, எங்க வலிக்குது?”

பின்னாலேயே வந்த முருகேசன், “வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, பயந்துட்டா” என்றார்.

“நீங்க இருங்க. சாமி, நீ சொல்லு.”

“வலி அவ்வளவா இல்லீங்க்கா” என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. “செருப்பு காலுல இருக்குதா இல்லையான்னே தெரியல.”

நான் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. அந்தக் கால் மிதியில் இருந்து நழுவி, குதிகால் சைலன்ஸர் மேல் சாய்ந்து கிடந்தது. மல்லூரில் இருந்து ஓடி வந்த வண்டியின் சைலன்ஸர். தோல் சிவந்து, வெந்து, கொப்புளம் கட்டியிருந்தது. தன் கால் சுட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ காயங்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிகாலைவிட என்னை உலுக்கிய ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

முருகேசனும் அதைப் பார்த்துவிட்டார். “ஐயோ!” என்று பாய்ந்து அவளை அக்குளில் பிடித்துத் தூக்கப் போனார்.

“தொடாதீங்க!” என்று கத்தினேன். தெருவில் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதலும் கடைசியும். “காலு வேகுதுங்க!” என்று அவரும் கத்தினார். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஒரு தோல் கையுறையை எடுத்து சைலன்ஸருக்கும் குதிகாலுக்கும் நடுவில் மெல்லச் செருகினேன். காலை அசைக்கவில்லை.

“தினேஷ், ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. முதுகெலும்புல அடி, வண்டிமேல உக்காந்திருக்காங்க, பலகை வேணும்னு சொல்லு.”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரிய மீசை வைத்த ஒருவர், எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, கோமதிக்குப் பின்னால் போய் நின்றார். “இது சுளுக்குதானுங்க. பின்னால முட்டி குடுத்து ஒரு இழு இழுத்தா நரம்பு உட்டுரும். எங்கூர்ல நான்தான் எடுப்பேன்” என்று அவள் தோளில் கை வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, உதவத்தான் வந்தார். அந்தக் கையை ஓங்கி அடித்துத் தள்ளினேன். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“இந்தம்மா மேல யார் கையும் படக் கூடாது” என்றேன்.

“வெயில்ல இப்படியே வெச்சிருப்பீங்களா? எறக்கி உள்ள படுக்க வெச்சாத்தானுங்க ஆகும்?” என்றார் முருகேசன். அவர் கேட்டதில் தவறில்லை. எனக்கும் அந்த எண்ணம் வந்தது. வண்டியில் இருந்து இறக்க வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பி, காலைத் தூக்கித் தாண்டவைக்க வேண்டும். எது உடைந்திருக்கிறதோ அது அந்தத் திருப்பலில் இன்னும் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் செய்யக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

அவளை நகர்த்த முடியாவிட்டால் நிழலை நகர்த்தலாம். கடை வாசலில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்து, வாடிக்கையாளர்கள் நாலு பேர் அதை அவள் தலைக்கு மேல் பிடித்தார்கள். வண்டி சாய்ந்தால் எல்லாம் போய்விடும் என்று முருகேசனை ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னேன். தினேஷ் எதிர்ப்பக்கம் பிடித்தான். அதற்குள் கோமதியின் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. அந்தக் கைகள் மடங்கினால் உடம்பு மடங்கிவிடும். உள்ளே இருந்து புது ஜாக்கெட்டுகளை விலைச்சீட்டோடு அள்ளிக்கொண்டு வந்து, முன்சீட்டில் இருந்து அவள் நெஞ்சுவரை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். அவள் குனியாமல், அப்படியே அதில் பாரத்தைச் சாய்த்தாள். நான் பின்னால் நின்று தலை ஆடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

“தண்ணி குடுங்க்கா” என்றாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயிக் குடிக்கலாம் சாமி. தலைய ஆட்டாத. பேசறதுன்னா பேசு.”

பிறகு மெல்ல, “உழுந்த எடத்துலயே சொன்னேனுங்க்கா, காலு மரத்துப்போச்சுன்னு. எல்லாரும் பயம்னாங்க. வர்ற வழியிலயும் சொன்னேன். கடைக்குப் போயிப் பாத்துக்கலாம்னாரு” என்றாள்.

யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்த முருகேசன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் கண்ணில் இருந்து சொட்டியது டேங்கின் மேல் விழுந்ததைப் பார்த்தேன். கடைக்குள் கை தட்டியவர்கள்தான் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய பெண் முதலில் கேட்டது, “யாராவது தூக்கினீங்களா?” என்றுதான். இல்லை என்றேன். தலையை அசைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். கழுத்துக்குப் பட்டை போட்டு, நாலு பேர் ஒரே நேரத்தில், ஒரே சொல்லுக்கு நகர்த்தி, பலகைக்கு மாற்றினார்கள். முருகேசன் பின்னால் ஏறினார். கதவை மூடிய பிறகுதான் என் கைகள் அவள் தலையைப் பிடித்திருந்த வாக்கிலேயே விறைத்து நிற்பதைக் கவனித்தேன்.

இடுப்புக்கு மேலே ஒரு முதுகெலும்பு நொறுங்கி, அதன் ஒரு துண்டு உள்ளே நரம்பை அழுத்திக்கொண்டு நின்றது என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விழுந்த அன்றே அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அதைச் செய்த டாக்டரிடம் நான் இரண்டு கேள்வி கேட்டேன். கவசம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிளாஸ்க் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? “முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. ரெண்டாவதுக்கு, இங்க வந்திருக்கவே வேண்டியிருக்காது” என்றார். பிறகு போகிறபோக்கில் திரும்பி, “வண்டியில இருந்து எறக்காம வெச்சிருந்தது யாரு?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “நல்லது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு, இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதில், வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அளவு பார்க்கும்போது, தினமும் மாட்டுகிற பையோடு வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். திறந்து பார்த்தால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும். பூட்டுச் சங்கிலி, ஸ்பானர், டிபன் கேரியர், ஒருவர் பையில் தேங்காய் உடைக்கும் அரிவாள். எல்லாம் முதுகெலும்புக்கு நேராக. கவசம் கட்டியிருக்கிறோமே என்ற தைரியத்தில்தான் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். கடினமான பொருளை வண்டியின் பெட்டியில் போடுங்கள், முதுகில் துணிமணி மட்டும் இருக்கட்டும் என்று சொல்ல நமக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஒருமுறை அடி வாங்கிய கவசத்தைத் திரும்பக் கட்டக் கூடாது என்பதையும், விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வியாபாரம் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள், கெடவில்லை.

அந்தப் போட்டோவைத் தினேஷ் யாருக்கும் அனுப்பவில்லை. நான் சொல்லாமலே அழித்துவிட்டான்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கோமதி ஊன்றுகோலோடு படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் வலது காலைப் பார்த்துப் பார்த்து வைத்தாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். தினேஷ் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போல் முருகேசனைப் பார்த்து, “இப்ப எப்படி சார் இருக்காங்க?” என்று கேட்டான்.

“நல்லா இரு…” என்று தொடங்கிய முருகேசன் அப்படியே நிறுத்திக்கொண்டார். மனைவியின் பக்கம் திரும்பினார். காத்திருந்தார்.

கோமதி முதலில் அவரைப் பார்த்தாள்.

“இடது காலு சரியாயிருச்சுங்க” என்றாள் பிறகு. “வலது காலு பாதிதான் வந்திருக்குது. குதிகால்ல சூடு வெச்சாலும் தெரியாது, ஐஸ் வெச்சாலும் தெரியாது. ராத்திரி இடுப்பு கடுகடுன்னு இருக்குது. வேலைக்கு இன்னும் போகல. எல்லாரும் நல்லாயிட்டியான்னு கேக்கறாங்க, எனக்கு ஆமான்னு சொல்ல வரமாட்டேங்குது. நடக்கறேன். அதத்தான் சொல்ல முடியும்.”

இன்னும் நிறையச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பட்டது, கட்டிலில் கிடந்தபோது நினைத்தது, முதல்முறை எழுந்து நின்றபோது தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அழுதது. அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. முருகேசன் பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.